உம்

கண்ணாடி என்று இதற்குப் பெயர் வைத்தவன்
கண்ணாடி பார்த்ததே இல்லை.
கண்ணாடியில் வலக்கை இடக்கையாகும்.
இங்கே ஒரு பிட் இடம் மாறினால்
காலையில் என் அட்டைக்குக் கதவு திறக்காது.

ஐரோலியில் ஒன்று, சாண்டிவலியில் ஒன்று.
நடுவே கழிமுகம், பாலம், முலுண்ட் நெரிசல்,
தரைக்கடியில் முப்பத்தொரு கிலோமீட்டர் கண்ணாடி இழை.
ஐரோலி ஒரு வரி எழுதும்.
சாண்டிவலி அதையே எழுதிவிட்டு
‘ம்’ என்னும்.
அந்த ‘ம்’ வந்தால்தான் அடுத்த வரி.
கேட்பவன் தூங்கிவிட்டானோ என்று
நின்று நின்று கதை சொல்கிறவன்போல,
நொடிக்குப் பல்லாயிரம் தரம்.

எட்டு வருடமாக
இந்த ‘ம்’முக்குக் காவல் இருக்கிறேன்.

ஆகஸ்ட், இரண்டாம் செவ்வாய், அதிகாலை 3:07.
மழை விட்ட சிறு இடைவெளியில்
காஞ்சூர்மார்க்கில் மெட்ரோவுக்குத் தோண்டியவர்கள்
எங்கள் இழையை அள்ளி வெளியே போட்டார்கள்.
மாற்றுப்பாதையும் அதே பள்ளத்தில்தான் போனது.
வரைபடத்தில் அவை இரண்டு நிறம்.

இந்த மாதிரி நேரத்துக்கென்று
புனேயில் ஒரு சாட்சி வைத்திருக்கிறோம்.
சின்னப் பெட்டி. அதனிடம் தரவு எதுவும் கிடையாது.
இருவரில் யார் தொடரலாம் என்று மட்டும் சொல்லும்.
அதன் சான்றிதழ் ஞாயிற்றுக்கிழமையே காலாவதி.
புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சல்
கோர்படேவுக்குப் போயிருக்கிறது.
கோர்படே மே மாதமே வேலையை விட்டுவிட்டார்.

ஐரோலி நினைத்தது, சாண்டிவலி செத்துவிட்டது.
சாண்டிவலி நினைத்தது, ஐரோலி செத்துவிட்டது.
இரண்டும் அழவில்லை.
இரண்டும் தனித்தனியே கதையைத் தொடர்ந்தன.

ஐரோலியும் சாண்டிவலியும் என்று
சொல்லிப் பழகியிருந்தேன்.
வார்த்தைக் கடைசியில் ஒட்டியிருந்த உம்தான்
சம்பளம் வாங்காமல் வேலை பார்த்திருக்கிறது.
அது உதிர்ந்ததும்
ஐரோலியோ சாண்டிவலியோ.

போனில் ஜோஸ்லின் டிமெல்லோ, சாண்டிவலியிலிருந்து.
‘எதை வைத்துக்கொள்ள?’
‘இரண்டும் சரிதான்.’
‘அது எனக்கும் தெரியும். எதை?’

நான்கு நிமிடம் ஆகியிருந்தது.
அங்கே இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்,
என் பக்கம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
பெரும்பான்மை என்று சொல்லிக்கொண்டேன்.
ஐரோலி, என்றேன்.
ஜெயித்தது தோற்றதன் மேல் எழுதும்.
அதற்கு ஒத்திசைவு என்று பெயர்.
நல்ல பெயர்.

அழிக்குமுன் ஜோஸ்லின்
அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும்
தனியே நகலெடுத்து வைத்தாள். நான் கேட்கவில்லை.
விடியும்வரை ஒவ்வொன்றாய்ப் பொருத்தினோம்.
ஒன்று மட்டும் உட்கார மறுத்தது.

கணக்குப் பெயர் எச். தாண்டேல்.
ஆணோ பெண்ணோ, தெரியாது.
இருப்பு ஆயிரத்து அறுநூறு.
ஐரோலியில் 3:09க்குக் கடன் தவணை ஆயிரத்து ஐந்நூறு போனது.
சாண்டிவலியில் அதே 3:09க்கு
சஸூன் டாக், ஐஸ், ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
இரண்டு கதையிலும் காசு போதுமானதாக இருந்தது.
சேர்த்துப் படித்தால்தான் இல்லை.
பணம் போய்ச் சேர்ந்தது என்று
ஒரு திரை பச்சையாய்ச் சொல்லியிருக்கும்.
கூடை கூடையாய் ஐஸ் ஏறியிருக்கும்.
பிறகு நான் அதை நடக்காததாக்கினேன்.

6:40க்கு இழையை ஒட்டினார்கள்.
ஐரோலி ஒரு வரி எழுதியது.
‘ம்’ வந்தது.
மேலாளர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

அறிக்கையைத் திறந்து
தரவு இழப்பு: ஏதுமில்லை
என்று ஒரு வரி எழுதினேன்.
அந்தப் பக்கம் ஜோஸ்லின்
அதே கோப்பைத் திறந்து படிக்கிறாள்.
திரையில் அவள் பெயர் தெரிகிறது.

இன்னும் ‘ம்’ சொல்லவில்லை.
அடுத்த வரிக்கு நகராமல்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.